பிந்திப் பாடுகிறவர்

ரெய்ன்ஸ்டட்,
1836 அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்குச் சளியைத் தவிர வேறு குறையில்லை.

நல்ல செய்தி ஒன்று. என் புதிய ஓபராவை அரண்மனை அரங்கத்தில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஜனவரியில் மேடையேறும். போன முறை எழுதிய ராணிக் கதை மாதிரி இல்லை இது. இதில் யாரும் விஷம் குடிப்பதில்லை, கோபுரத்திலிருந்து குதிப்பதும் இல்லை. (அந்த ராணியை மூன்றாம் நாளே மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று அப்பாவுக்கு நீ வாசித்துக் காட்டவில்லைதானே? அப்படியே இருக்கட்டும்.)

'விதவையின் மூன்று மாப்பிள்ளைகள்' என்று பெயர் வைத்திருக்கிறேன். சத்திரம் நடத்தும் ஒரு விதவையைக் கட்டிக்கொள்ள ஒரு பட்டாளத்துக்காரன், ஒரு குமாஸ்தா, வயதான ஒரு மெழுகுவர்த்திக்காரர் மூவரும் போட்டி போடுகிறார்கள். கடைசியில் பட்டாளத்துக்காரன் ஜெயிக்கிறான். மெழுகுவர்த்திக்காரர் வேடம் எங்கள் பாடகர் க்னோருக்கு. அடித்தொண்டைக் குரல், அதற்கேற்ற வயிறு. ஒத்திகையில் அவர் வாயைத் திறந்தாலே பிடில்காரர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

அப்பா பார்க்க வரவேண்டும் என்பார். ஜனவரியில் மலைப்பாதை எப்படிக் கிடக்கும் என்று உனக்கே தெரியும். வேண்டாமென்று சொல்லிவை.

பிரியமுள்ள தம்பி,
ஆல்பின்

ஆஸ்பாஹ்,
1836 அக்டோபர் 23

அன்புத் தம்பி ஆல்பினுக்கு அக்கா எழுதுவது. கடவுள் கிருபையால் இங்கே இருவரும் நலம். உன் சளிக்கு வெங்காயத்தை வேகவைத்துத் தேனோடு சாப்பிடு.

உன் கடிதத்தைக் கடையிலேயே அப்பாவுக்கு வாசித்தேன், எதை வாசிக்கலாமோ அதை. ரொட்டி வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். அன்று சாயங்காலமே அப்பா பீர்க்கடைக்குப் போய், மகனின் ஓபராவைக் கோமகனே பார்க்கப் போகிறார் என்று சொல்லிவிட்டு வந்தார். தோல் வியாபாரி வீகான்ட், "ராணி கதை எப்படிப் போச்சு?" என்று கேட்டாராம். அதுவும் பிரமாதம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான்தான் அவருக்கு அப்படி வாசித்துக் காட்டியிருந்தேன். அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வரவேண்டாம் என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. பனி என்றேன். பனியில் போகாத ஆளா நான் என்றார். ஏன் வரக்கூடாது என்பதை நீ இன்னும் கொஞ்சம் சரியாக எழுதியிருக்கலாம்.

அடுப்பின் பின்சுவரில் விரிசல். குளிர் தொடங்குமுன் கொத்தனார் வரவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ஒட்டிலி

ரெய்ன்ஸ்டட்,
1837 ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு, அனைவர் நலமும் அறிய ஆவல்.

அக்கா, ஜெயித்துவிட்டோம். முதல் நாள் கோமகன் சிரித்தார். அவர் சிரித்த பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் யாரையும் பார்க்காமலேயே சிரித்தார்கள். முதல் காட்சி முடிவில் ஐந்து பேர் சேர்ந்து பாடும் இடத்தை இரண்டு முறை திரும்பப் பாடச் சொல்கிறார்கள். க்னோர் தெருவில் போனால் பிள்ளைகள் பின்னாலேயே பாடிக்கொண்டு போகிறார்கள். பெர்லினில் ஓர் அரங்கத்திலிருந்து இசைப் பிரதியைக் கேட்டிருக்கிறார்கள். பெர்லின்!

அப்பாவிடம் சொல். ஆனால் இப்போதும் வரவேண்டாம். உட்கார இடமே கிடைப்பதில்லை.

அவசரத்தில்,
ஆல்பின்

ஆஸ்பாஹ்,
1837 பிப்ரவரி 26

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும். உன் வெற்றியைக் கேட்டுச் சந்தோஷம்.

இங்கே இன்னும் பனி. கொத்தனார் வந்து போனார். தோல் வியாபாரி வீகான்ட் சந்தைக்காக ரெய்ன்ஸ்டட் வந்தபோது உன் ஓபராவைப் பார்த்தாராம். நன்றாக இருந்தது என்றார்.

அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தேவாலயத்தில் இப்போது கடைசி வரிசையில் போய் உட்காருகிறார்.

அக்கா ஒட்டிலி

ரெய்ன்ஸ்டட்,
1837 மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசிக் கடிதம் கொத்தனார் எழுதியதுபோல் இருந்தது. அதன்பிறகு ஒன்றும் காணோம். யாருக்காவது உடம்பு சரியில்லையா? எனக்குச் சம்பளம் உயர்த்துகிறேன் என்கிறார் மேலாளர். பத்தொன்பதாவது முறை மேடையேறிவிட்டது.

வீகான்ட் வேறென்ன சொன்னார்? அப்பா என்ன சொன்னார்? நீ எழுதவே இல்லையே.

ஆல்பின்

ஆஸ்பாஹ்,
1837 ஏப்ரல் 23

ஆல்பினுக்கு,

நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம். கேட்டாய், சொல்கிறேன்.

வீகான்ட் ஊர் திரும்பிய அன்று பீர்க்கடையில் மேசைமேல் ஏறி நின்று உன் மெழுகுவர்த்திக்காரரைப் பாடிக் காட்டினார். எல்லோரும் ஒன்றாகத் தொடங்குகிறார்கள். அவர் மட்டும் ஒரு தாளம் பிந்தி, எல்லோரையும்விட உரக்க நுழைகிறார். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் குரல் மட்டும் தனியாக நிற்கிறது. திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்க்கிறார். பீர்க்கடையில் இருந்த ஒருவருக்கும் அது யாரென்று சொல்லவேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷமாக ஞாயிறுதோறும் கேட்கிற குரல்தானே.

அடுத்த ஞாயிறு, இரண்டாவது ஞானப்பாட்டில், தோல் வியாபாரிகளின் வரிசை முழுவதும் வேண்டுமென்றே பிந்தி நுழைந்தது. போதகரே குனிந்து சிரித்தார். அப்பா பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில், "எதுக்கு சிரிச்சாங்க?" என்று கேட்டார். ஒரு நாய் உள்ளே வந்துவிட்டது என்று சொன்னேன். நம்பியதுபோல் தலையாட்டினார். மூன்று நாள் கழித்து வீகான்டே கடைக்கு வந்து, "உங்க பையன் உங்களைப் பெரிய ஆளாக்கிட்டானே" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பா பாடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

ஜனவரியில் பனி என்றாய். இடமில்லை என்றாய். என்ன எழுதியிருக்கிறோம் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

அவர் பிந்துவதற்குக் காரணம் இருக்கிறது. பத்து வயதில் உன்னைப் பாட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். உனக்குத் தெரிய வழியில்லை. நான் சொல்லக்கூடியதும் இல்லை.

ஒட்டிலி

ரெய்ன்ஸ்டட்,
1837 மே 1

அக்கா,

இதை அப்பாவுக்கு வாசிக்காதே.

கேலி செய்யவேண்டும் என்று உட்கார்ந்து எழுதவில்லை. சிரிப்பு வரவைக்கும் ஒரு வயதான ஆள் வேண்டும் என்றார்கள். யோசித்தபோது என் காதில் அந்தக் குரல்தான் வந்தது. வேறெதுவும் வரவில்லை. எழுதி முடித்தபிறகுதான் யாருடையது என்று உறைத்தது. அப்போது அழித்திருக்கலாம். ஆனால் நன்றாக அமைந்துவிட்டது, அக்கா. நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக அமைந்தது.

மேலாளரிடம் அந்த இடத்தை மாற்றலாம் என்றேன். "மத்ததெல்லாம் வேணும்னா மாத்துங்க. அதை மட்டும் தொடாதீங்க" என்றார்.

பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன். அப்பாவின் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். என்ன காரணம்? சொல்.

ஆல்பின்

ரெய்ன்ஸ்டட்,
1837 மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். மாவு விஷயமாக அத்தை ஊருக்குப் போகிறேன் என்று அப்பா உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாராம். அவர் அங்கே போகவில்லை. இங்கே வந்தார்.

நேற்று முன்தினம் ஆட்டம் முடிந்து அரங்கத்தின் பின்வாசல் வழியாக வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, துணியில் சுற்றிய ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தார். மேல்மாடத்தில் டிக்கெட் வாங்கி முழுவதையும் பார்த்திருக்கிறார். என் அறைக்கு வந்தார், என் கட்டிலில் படுத்தார், தூங்கிவிட்டார்.

காலையில் காப்பி குடிக்கும்போதுதான் பேசினார். "நல்லாப் பாடுறாரு அந்த மனுஷன். என்னைவிடக் குரல் நல்லா இருக்கு" என்றார். மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

"எல்லாருக்கும் ஒரு பாட்டு வச்சிருக்கே. பட்டாளத்துக்காரன் ஏன் குடிக்கிறான்னு ஒண்ணு. குமாஸ்தா ஏன் பயப்படுறான்னு ஒண்ணு. அந்தக் கிழவன் ஏன் பிந்துறான்னு மட்டும் யாரும் கேக்கலையே."

"அது சும்மா சிரிப்புக்குப்பா" என்றேன்.

"சும்மா யாராவது பிந்துவாங்களாடா?"

பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாது, ஆல்பின்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. ஞாயிறுதோறும் அவர் கையில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் கடிதங்களை நீ வாசிப்பது அவர் கண் மங்கியதால் என்றுதான் நினைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து அவரே மெதுவாக விளக்கினார். அம்மா அவருக்கு முன் வரிசையில் நின்று பாடுவாளாம். சொல் அவள் வாயிலிருந்து வரும், இவர் அதை எடுத்துப் பாடுவார். எடுப்பதற்கு ஆகிற நேரம்தான் அந்த ஒரு தாளம். அம்மா போனபின் உன்னிடமிருந்து எடுக்கிறாராம்.

"அப்ப ஏன் அவ்வளவு உரக்கப் பாடணும்?" என்று கேட்டேன்.

"உங்கம்மா சொன்ன யோசனை. முணுமுணுத்தா சந்தேகப்படுவாங்க, சத்தமாப் பாடுறவனை யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னா. ரொட்டிக்காரங்க சங்கத்துல மாஸ்டர்னு பேரு வாங்கியாச்சு. எழுத்துத் தெரியாத மாஸ்டர்னு தெரிஞ்சா விடுவாங்களா?"

இன்னொன்றும் சொன்னார். இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். "ஒட்டிலி உன் கடுதாசியை வாசிக்கிறப்ப சில இடத்துல மூச்சு வாங்குவா. அவளுக்கு மூச்சு வாங்குற வயசா? அங்கதான் எதையோ தாண்டுறா. கேட்டா சங்கடப்படுவா. நான் கேக்கிறதில்லை."

அந்த இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "நீ எழுதினது. நீ பாத்துக்கோ" என்றார். நண்பகல் வண்டியில் ஏற்றிவிட்டேன். இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பார்.

ஆல்பின்

ரெய்ன்ஸ்டட்,
1837 செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? அப்பா சுகமா? கோடை முழுவதும் உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நீ தாண்டியதை நான் சொல்லிக்காட்டியது தப்பு என்றால் பொறுத்துக்கொள். பெந்தெகொஸ்தேவுக்குக் கோபத்தில்தான் வராமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதே. இங்கே வேலை இருந்தது.

வேலை இதுதான். மெழுகுவர்த்திக்காரருக்குக் கடைசிக் காட்சியில் ஒரு பாட்டு எழுதினேன். செத்துப்போன மனைவியின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து ஞானப்பாட்டு ஒன்றை ஆரம்பிக்கும். அவர் ஒரு தாளம் பிந்தி அதைத் தொடர்வார். பாதியில் அவள் குரல் நின்றுவிடும், அவரும் நின்றுவிடுவார். அவ்வளவுதான். ஏன் பிந்துகிறார் என்று யாருக்கும் இனிமேல் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன்.

முதல் நாள் சிரிப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டாம் நாள் சிலர் இருமினார்கள். மூன்றாம் நாள் மேலாளர் எடுத்துவிட்டார். "காசு குடுத்து வர்றவன் கலியாணம் பாக்க வர்றான், துக்கத்துக்கு இல்லை" என்றார்.

பெர்லினிலும் அந்தப் பாட்டில்லாமல் அனுப்பு என்றார்கள். அது இல்லாமல் கொடுக்கமாட்டேன் என்று எழுதினேன். வேறு யாருடைய ஓபராவையோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வருத்தமில்லை. அப்பாவிடம் இதை முழுவதும் வாசித்துவிடு.

ஆல்பின்

ஆஸ்பாஹ்,
1837 அக்டோபர் 8

அன்புத் தம்பிக்கு,

இருவரும் நலம். கோபமில்லை. வெட்கம். பதினோரு வருஷம் அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாசித்திருக்கிறேன். அவர் என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். மே மாதம் திரும்பி வந்ததும் என்னைப் பார்த்து, அத்தை ஊரில் மாவு நன்றாக இல்லை என்று மட்டும் சொன்னார். அதற்குப்பிறகு உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அந்த வாரமே அப்பா பழைய இடத்துக்கு, எனக்குப் பின்னால் வந்து நின்றார். பாடினார், பழையபடியே. தோல் வியாபாரிகள் வரிசையில் இருமல் கேட்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நேராக வீகான்டிடம் போனார். "ஆமா, அந்த மெழுகுவர்த்திக்காரன் நான்தான். ரெய்ன்ஸ்டட்ல நானும் டிக்கெட் வாங்கிப் பாத்தேன். நீ மேசைமேல பாடினது சரியில்லை. இன்னும் சத்தமாப் பாடணும்" என்றார். வீகான்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். இப்போது வெளியூர்க்காரர்கள் யாராவது பீர்க்கடைக்கு வந்தால் அவர்களிடமும் சொல்கிறார். படிக்கத் தெரியாது என்பதை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

உன் கடிதத்தை முழுவதும் வாசித்தேன். பழைய கடிதங்களையும் எடுத்து, தாண்டிய இடங்களை எல்லாம் வாசித்தேன். ராணி மூன்றே நாளில் இறங்கியது உட்பட. "அது எனக்கு முன்னாலேயே தெரியும். அந்தக் கடுதாசியில நீ ரொம்ப மூச்சு வாங்கினே" என்றார்.

பெர்லின் விஷயத்தைக் கேட்டதும்தான் கோபம் வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மடையன். ஏன் பிந்துறேன்னு அவனுக்குத் தெரியணும்னுதான் சொன்னேன். ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னேனா? சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான். ஆல்பினுக்கு அது பொழப்பு இல்லையா? பெர்லினுக்கு எழுதச் சொல்லு."

எழுது.

அக்கா ஒட்டிலி

ரெய்ன்ஸ்டட்,
1837 நவம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கமும் அன்பும். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

அப்பா சொன்னபடி பெர்லினுக்கு எழுதினேன். இந்த வருஷத்துக்கு இடமில்லை, பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. பிறகு என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இங்கே மாதம் ஒருமுறை ஓடுகிறது. க்னோருக்கு நல்ல பெயர். என் பெயர் சுவரொட்டியில் கீழே இருக்கிறது.

அந்தப் பாட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன், யாரும் கேட்காவிட்டாலும். மக்கள் இருமியதில் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்பாவின் பங்கு சரியாக இருக்கிறது. அம்மாவின் பங்குதான் பொய். அவள் எப்படிப் பாடினாள் என்று எனக்கு நினைவில்லை. நானாக ஏதோ அழகாக எழுதிவைத்திருக்கிறேன். அறுப்பின் பண்டிகையில் அவள் பாடுவாளே, அந்த ஞானப்பாட்டு. மூன்றாம் அடியை எப்படி எடுப்பாள்? அப்பாவிடம் கேட்டு எழுதுவாயா?

ஆல்பின்

ஆஸ்பாஹ்,
1837 நவம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

இருவரும் சுகம். உன் கடிதத்தை ஓர் எழுத்துக்கூட விடாமல் வாசித்தேன்.

அப்பா அப்போது மாவு பிசைந்துகொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கையைத் துடைக்காமலே நிமிர்ந்து நின்றார். பிறகு முதலடியிலிருந்து அம்மாவின் பங்கைப் பாடிக் காட்டினார். மூன்றாம் அடியை அவள் மற்றவர்களைப்போல மேலே எடுக்கமாட்டாளாம். கீழேயே வைத்துக்கொண்டு போய், கடைசிச் சொல்லில்தான் ஏறுவாளாம். நான் அவள் இருந்தவரை அவள் பக்கத்தில் நின்று பாடியவள், எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

கூடச் சேர்ந்து பாடப் பார்த்தேன். முடியவில்லை. அவர் எங்கும் தயங்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான்தான் பிந்திப் போனேன்.

எனக்குச் சுரம் எழுதத் தெரியாது. அவருக்கு எதுவும் எழுதத் தெரியாது. ஆகவே வியாழக்கிழமை வண்டியில் அப்பாவையே அனுப்புகிறேன். அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் காப்பி கெட்டியாக இருக்கவேண்டும் அவருக்கு.

அக்கா ஒட்டிலி